லாரிக்காரரின் இடது கால்

லாரியை விற்று ஒன்பது வருடமாகியும் லாரிக்காரர் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது அவருக்கு இருப்பது ஒரு பழைய நீளக் கார், தகரம் வேய்ந்த இரண்டு கொட்டகைகள், அறுநூறு கோழிகள், அவற்றோடு அறுபது சேவல்கள். ஆனாலும் டீக்கடை வாசலில் அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர், "லாரிக்காரருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அவருக்கும் அது பிடித்திருந்தது. முட்டைக்காரர் என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவர் போல நடந்துவிடுவார். அந்தப் பெயரை மனைவிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். சுற்றுவட்டாரம் முழுக்க அவள் முட்டைக்காரம்மா.

அவர்கள் வீட்டு முட்டை சாப்பிடுகிற முட்டை இல்லை, குஞ்சு பொரிக்கிற முட்டை. செவ்வாயும் வெள்ளியும் வாரத்துக்கு இரண்டு நடை, முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பொரிப்பகத்துக்குப் போகும். அங்கே அறை உயர இயந்திரங்களுக்குள் இருபத்தொரு நாள் இருக்கும். இருபத்திரண்டாம் நாள் போன் வரும். நூறு முட்டைக்கு எத்தனை குஞ்சு என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு இருக்குமா இருக்காதா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

முன்பெல்லாம் பொரிப்பகத்தின் வேன் வீட்டுக்கே வந்து முட்டையை ஏற்றிப்போகும். அப்போது எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு என்று எண் நிமிர்ந்து நின்றது. நான்கு வருடத்துக்கு முன் வேன் நின்றது. அதே மாதத்தில் இவர்கள் கோழி இனத்தையும் மாற்றினார்கள். எண் எழுபத்தெட்டுக்கு இறங்கியது, பிறகு எழுபத்தைந்து, போன கோடையில் எழுபது. பழி முழுக்கப் புதுக் கோழியின் தலையில் விழுந்தது. கோழிக்கு அடுத்து சேவல், சேவலுக்கு அடுத்து தீவனம், தீவனத்துக்கு அடுத்து முட்டைக்காரம்மாவின் கை.

"தட்டுல வைக்கும்போது டொக்குன்னு வைக்கிற நீ" என்பார் லாரிக்காரர்.

அவள் மறுத்துப் பேசமாட்டாள். அடுத்த நாளே துணிக்கையுறை தைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் முட்டை பொறுக்கியவள் ஐந்து தரம் பொறுக்கினாள். கூட்டுப்பெட்டிகளில் மரத்தூளை இரட்டிப்பாக்கினாள். முட்டை வைக்கிற அறையில் ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டாள். முப்பது குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டை அவள் மேசையில் இறக்கி வைப்பதைப் பார்க்க வேண்டும். கை பாதி வழி வேகமாக வரும். கடைசி இரண்டு விரற்கடை வந்ததும் காற்றில் நின்று, யோசித்து, தட்டு எப்போது மேசையைத் தொட்டது என்று தெரியாமல் தொடும். அந்தக் கையைத்தான் டொக் என்றார்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் பொரிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி வரும் ஆறு நடைகளில் சராசரி எண்பதைத் தாண்டாவிட்டால் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பொரிப்பகம் எடுக்காத முட்டைக்கு வேறு வழி கிடையாது. சேவலை விற்க வேண்டும், பிறகு கோழியை, பிறகு கொட்டகைத் தகரத்தை. மறுநாளே அந்தத் தகரத்தில் ஒன்று காற்றில் படபடத்தது. ஆணி அடிக்கக் கூரைமேல் ஏறிய லாரிக்காரர், ஈரத்தகரத்தில் வழுக்கி, உரமூட்டைகளின் மேல் விழுந்து, அங்கிருந்து உருண்டு இடது காலை மடக்கிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. ஆறு வாரம்.

விழுந்தது புதன். வெள்ளிக்கிழமை நடை போக வேண்டும். கோழிநோய் பயத்தால் பொரிப்பகத்தின் வாசலுக்குள் பாஸ் உள்ளவர்கள் மட்டுமே போகலாம். அந்தப் பண்ணையில் பாஸ் இரண்டு பேருக்கு, புருஷனுக்கும் பெண்சாதிக்கும்.

வியாழன் மாலை அவருடைய அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாவுக்கட்டை விரலால் தட்டிப்பார்த்தார்.

"காலை உடைச்சுக்கிட்டே, சரி. நாளைக்கு வண்டியை யாரு எடுக்கறது?"

"நான்தான் அண்ணி" என்றாள் முட்டைக்காரம்மா, டீயைக் கொடுத்துக்கொண்டே.

அக்கா தம்பியைப் பார்த்தார். "இவளா?"

"லைசென்ஸ் இருக்கு" என்றார் அவர்.

"லைசென்ஸ் எங்க வீட்டு பீரோவுலயும் ஒண்ணு இருக்கு. ரோட்டைத் தாண்டணும்னா நான் இன்னும் யார் கையையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டறேன்."

"ரெண்டு தரம் ஓட்டியிருக்கா."

"எத்தனை வருஷத்துல?"

"ஆறு வருஷத்துல" என்றாள் முட்டைக்காரம்மா. "ரெண்டு தரமும் அஞ்சு நிமிஷத்துல இறக்கிவிட்டுட்டாரு, கிளட்ச் வாடை வருதுன்னு."

"வந்துச்சு" என்றார் லாரிக்காரர்.

"வந்துச்சு. நான் உட்காரும்போதே வந்துச்சு" என்றாள் அவள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "நீ பின்னாடி உட்கார்ந்து சொல்லிக்கிட்டே போ. அவ கையும் காலும் வெச்சா போதும், மூளையை நீ வெச்சுக்கோ."

அதைத்தான் அவரும் நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி அடுக்குவது வழக்கம். பெட்டிக்குள் அடங்காத தட்டுகளை எட்டு அடுக்காகப் பின் இருக்கையில் வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு வருடமாக அது அவளுடைய இடம். இன்று லாரிக்காரர் ஊன்றுகோலை உள்ளே எறிந்துவிட்டு, கதவின் விளிம்பைப் பிடித்து நொண்டி ஏறி, அந்த இடத்தில் உட்கார்ந்தார். தன் காரின் பின் இருக்கையில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தரம். முன் இருக்கையின் முதுகுத் துணி கிழிந்திருப்பது அன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

அவள் இருக்கையை முன்னால் நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். ஹேண்ட்பிரேக்கில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"அது அங்கதான் தொங்கும்."

"இது பை மாட்டற ஆணியா?"

"நாலு வருஷமா அங்கதான் தொங்குது."

"அதனாலதான் கேக்கறேன்."

எஞ்சினுக்கு உயிர் வந்தது, கார் ஒரு குதி குதித்தது, அணைந்தது. இரண்டாம் தரமும் அதே. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "செகண்ட்ல எடு. ஃபர்ஸ்ட்டெல்லாம் லோடு வண்டிக்கு" என்றார். அவள் முதல் கியரிலேயே போட்டு, காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். கார் முற்றத்தைத் தாண்டியது.

தார்ச்சாலைக்கு வந்ததும் லாரிக்காரர் வேலையைத் தொடங்கினார்.

"தேர்டு போடு. ம். ஒரு கையைக் கியர் மேலயே வெச்சுக்கோ, தேடிட்டு இருக்கக் கூடாது. கிளட்ச்ல இருந்து காலை ஏன் எடுக்கறே? மேல லேசா வெச்சிருந்தாத்தான் டக்குன்னு மிதிக்க வரும்."

"ஸ்கூல்ல எடுக்கச் சொன்னாங்க."

"எந்த ஸ்கூல்ல?"

"டிரைவிங் ஸ்கூல்ல. மிதிச்சு முடிஞ்சா காலைப் பக்கத்துல தரையில வைக்கணும்னாங்க. மேலயே வெச்சிருந்தா உள்ள தட்டு தேயுமாம்."

"அவங்க லாரி ஓட்டியிருக்காங்களா?"

"நாம லாரியிலயா போறோம்?"

அவர் தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் அவருடைய மாவுக்கட்டுக் கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவள் மிதிக்காத நேரத்திலெல்லாம் அது மிதித்தது. மிதித்துவிட்டு எடுக்காமல் அப்படியே இருந்தது. கணுக்காலுக்கு மேலே விண்ணென்று வலித்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் எடுத்துவிட்டாள்.

"கியர்லயே வெச்சு கிளட்ச்சை மிதிச்சுட்டு நில்லு. கேட் தூக்கினதும் பொசுக்குன்னு எடுக்கலாம்."

"எதுக்குப் பொசுக்குன்னு எடுக்கணும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். முப்பது வருடமாகப் பொசுக்கென்று எடுத்திருக்கிறார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

கேட் தூக்கியது. அவசரத்தில் கார் மறுபடி அணைந்தது. பின்னால் ஏழெட்டு ஹார்ன்கள் சேர்ந்து கத்தின. மோட்டார் சைக்கிளில் காரை ஒட்டிப் போன ஒருவன் ஜன்னலுக்குள் குனிந்து, "சமையல்கட்டு அந்தப் பக்கம்மா" என்றான்.

"தெரியும் தம்பி. அங்கேர்ந்துதான் வர்றேன்" என்று சாவியைத் திருப்பினாள் அவள். இந்தத் தரம் அவசரமே இல்லை. லாரிக்காரர் தலையைக் குனிந்து தட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தெரிந்தவன் எவனாவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

கேட்டைத் தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் தண்ணித்தொட்டி மேடு. ஏறி முடித்தால் மறுபுறம் நான்கு கிலோமீட்டருக்கு ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் குறுகலான வாய்க்கால் பாலம், பாலத்தை ஒட்டியே ஒரு வளைவு.

அந்த இறக்கம் லாரிக்காரருக்குச் சொந்தமானது. உச்சியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். எஞ்சின் இரைச்சல் அடங்கி, காற்றும் டயர் சத்தமும் மட்டும் மிஞ்சும். லாரி ஓட்டிய காலத்தில் டீசலை மிச்சம் பிடிக்கச் செய்தது. காரில் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார். எஞ்சின் அதிர்வு முட்டைக்கு ஆகாது. உள்ளே உயிர் இருக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது. முதல் வருடம் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "கேளு, சத்தம் வருதா? முட்டைக்கே தெரியாம இறக்கிட்டுப் போறேன் பாரு." வாரத்துக்கு இரண்டு நடை, நான்கு வருடம், அந்த முட்டைகளுக்காக அவர் செய்த காரியம் அது.

அவள் உச்சிக்கு வந்ததும் மூன்றுக்கு இறக்கினாள். கொஞ்ச தூரத்தில் இரண்டுக்கு. எஞ்சின் உறுமியது.

"ஏய், நியூட்ரல்ல விடு. முட்டைக்கு இந்த இரைச்சல் ஆகாது."

"இரைச்சல்ல முட்டைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"நான் எத்தனை வருஷமா இறக்கறேன்? உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

"நீங்க பேசாம தட்டைப் பிடிங்க. பாலம் வருது."

பாலம் வருது என்று அவள் சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. அவருக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அவர் ஓட்டும்போது, இறக்கம் முடிகிற இந்த இடத்தில், பின்கண்ணாடியில் அவள் முகம் தெரியாது. தட்டுகளை இரு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றி மேல்தட்டில் படுகிற அளவுக்குக் குனிந்திருப்பாள். விடியற்காலையில் எழுந்தவள், அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார். பாவம் தூங்கட்டும் என்று ஹார்ன் அடிக்காமல்கூட ஓட்டியிருக்கிறார்.

இப்போது அவரும் தட்டுகளைக் கட்டிக்கொண்டார். எட்டு அடுக்கு, இருநூற்று நாற்பது முட்டை, முகத்துக்கு நேரே. அவர் ஓட்டினால் இந்த இடத்தில் வண்டி எழுபது வேகத்தில் வரும். பிரேக் விழும். பாலத்துக்குள் நுழைந்ததும் மூன்றாவது கியரைக் குத்துவார், காலைப் பட்டென்று எடுப்பார், வண்டி முன்னால் ஒரு முட்டு முட்டிப் பிறகு இழுக்கும். முன்னால் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு அது ஒன்றுமே இல்லை. இப்போது, அது வரப்போகிறது என்று காத்திருந்தபோது, அவருடைய தோள்கள் தாமாக இறுகின.

அது வரவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஜன்னலில் ஓடி மறைந்தது. வளைவு வந்தது, போனது. இருக்கைக்கும் பெட்டிக்கும் இடையே, கிளட்ச்சிலிருந்து அவள் கால் மேலே வந்ததைப் பார்த்தார். பாதி வழி வேகமாக வந்து, கடைசியில் காற்றில் நின்று, யோசித்து, பிறகு விட்டது. அந்த அசைவை அவர் எங்கோ தினமும் பார்த்திருக்கிறார். கால் கிலோமீட்டர் போன பிறகுதான் பிடிபட்டது. முட்டைத் தட்டை மேசையில் இறக்குகிற கை.

"ஏம்மா" என்றார்.

"ம்."

"நான் ஓட்டும்போது இந்த இடத்துல ஏன் குனிவே?"

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.

"பிடிச்சுக்க" என்றாள்.

பொரிப்பகத்தின் வாசல் ஒரு சாய்தளத்தின் மேலே இருந்தது. சாய்தளத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, காவல்காரர் நாலு டயருக்கும் மருந்துத் தண்ணீர் அடிப்பார். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். அந்த நேரம் முழுக்க லாரிக்காரர் கிளட்ச்சிலும் ஆக்சிலேட்டரிலுமாக வண்டியை அந்தரத்தில் நிறுத்திப் பிடிப்பார். கார் குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கிக்கொண்டு நிற்கும். பிரேக்கே இல்லாமல் நிறுத்துகிறார் பார் என்று காவல்காரர் ஒருமுறை மெச்சியிருக்கிறார்.

அவள் நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், காலை எடுத்தாள். கார் மெதுவாகப் பின்னால் வழுக்கியது. லாரிக்காரரின் கால் தரையை ஓங்கி மிதித்தது, வலியில் "அம்மா" என்றார். ஆனால் அதற்குள் அவளே பிரேக்கை மிதித்துவிட்டிருந்தாள். ஒரு சாண்கூட நகரவில்லை.

"ஹேண்ட்பிரேக் பிடிக்கலைங்க."

"பிடிக்காது. நான் போட்டதே இல்ல. கிளட்ச்ல நிறுத்து."

அவள் தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே, அந்தக் கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்களேன்."

காவல்காரர் மருந்துக் குழாயோடு நின்று பார்த்தார். வாசலோரத்தில் முக்கோணமாக ஒரு கருங்கல், மேலே பாசி பிடித்துக் கிடந்தது. "இது இதுக்குத்தான் போட்டிருக்கு" என்றார், கல்லைப் புரட்டிக்கொண்டே. "கேட்ட முதல் ஆள் நீங்கதான். எல்லாரும் லாரிக்காரர் மாதிரி ஹீரோவா நிப்பாங்க. இன்னைக்கு அவர் எங்க, வரலியா?"

"வந்திருக்காரு. பின்னாடி."

லாரிக்காரர் தட்டுகளுக்கு மேலாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மாலை சாப்பாட்டில் ஆம்லெட் இல்லை. நடை போகிற நாளில் விரிசல் விட்ட முட்டைகளைப் பொரிப்பகம் திருப்பித் தரும், ராத்திரிக்கு அவற்றில் ஆம்லெட். நான்கு வருடப் பழக்கம்.

"ஆம்லெட் எங்கே?"

"உடையலையே" என்றாள்.

அவர் ரொட்டியைக் குழம்பில் தொட்டுக்கொண்டார். ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மழைக்கு ரோடு மெத்தென்று இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து காருக்கு அடியில் படுத்தார். அடியிலிருந்தே பேசினார்.

"அண்ணே, உங்க ஹேண்ட்பிரேக் கேபிள் கம்பெனியில மாட்டினபடியே இருக்கு. தேயவே இல்ல. துருப்பிடிச்சுச் செத்துப் போயிருக்கு."

"மாத்திடு."

"மாத்தறேன். நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நாலு வருஷத்துல இந்த வண்டிக்கு மூணு கிளட்ச் பிளேட் போட்டிருக்கேன். எங்க தெருவுல டாக்ஸிக்காரனுக்குக்கூட ஏழு வருஷம் வருது. உங்களுக்கு மட்டும் ஏன்?"

"சாமான் மட்டம்."

"மூணுமேவா?" என்று சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார் மெக்கானிக். நெற்றியில் எண்ணெய். வாசற்படியில் உட்கார்ந்து கையுறை துவைத்துக்கொண்டிருந்த முட்டைக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, ரெண்டு மாசம் நீங்களே ஓட்டினா என் பொழைப்பு என்ன ஆகறது?"

"நீங்களும் நாலு கோழி வாங்கி விடுங்க" என்றாள் அவள்.

மெக்கானிக் போன பிறகு லாரிக்காரர் கட்டிலில் படுத்தபடி கூப்பிட்டார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"என்ன?"

"முட்டை ஏன் கெடுதுன்னு."

"தெரியாது. சந்தேகம் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

அவள் கையுறையை உதறிக் கொடியில் போட்டாள். "சொன்னேன். முதல் வருஷம். பாலத்துல கொஞ்சம் பார்த்துப் போங்கன்னு சொன்னேன். 'இருபது டன் சிமெண்ட் ஏத்தி மலை இறக்கினவன் நான்'னு ஆரம்பிச்சு, வீடு வர்ற வரைக்கும் ஒவ்வொரு மூட்டையா இறக்கி வெச்சீங்க. அப்புறம் நாலு நாள் பேசலை."

"அதுக்காகப் பேசாமயே இருந்துட்டியா?"

"எனக்கே நிச்சயமில்லைங்க. என் கையாவும் இருக்கலாம்னுதான் நினைச்சேன். நீங்க அவ்வளவு தரம் சொன்னீங்களே."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடியில் அந்தக் கையுறைகள் காற்றில் ஆடிக்கொண்டிருப்பது, திரும்பின பிறகும் அவருக்குத் தெரிந்தது.

செவ்வாய், வெள்ளி, மறுபடி செவ்வாய். ரயில்வே கேட்டில் வண்டி அணைவது மூன்றாம் நடையோடு நின்றது. சாய்தளத்தில் புது கேபிள் பிடித்தது. கல்லுக்கு வேலை இல்லாவிட்டாலும் காவல்காரர் அதைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். லாரிக்காரர் பின் இருக்கையில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் காரணம். வளைவுக்கு முன்பே கியரை இறக்குகிறாள், வளைவுக்குள் எதையும் தொடுவதில்லை. பிரேக் போடுகிறாள் என்பது முன்னால் போகிறவனின் முதுகு பெரிதாவது நிற்பதை வைத்துத்தான் தெரிகிறது. முப்பது வருடத்தில் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்தவர் அவர். மலையில் ஒற்றைக் கையால் திருப்புகிறவன், தூங்கிக்கொண்டே நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன் என்று அவரிடம் கதைகள் இருந்தன. இவளைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு கிலோமீட்டரில் எதுவும் நடக்காது. அதைப் போல ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் எண் வர வேண்டும். அதற்கு முன் எதுவும் நிச்சயமில்லை. அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள்.

அந்த நாளில் மழை வெளுத்து வாங்கியது. தகரத்தின் சத்தத்தில் போன் மணி கேட்காதென்று அவள் காலையிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பொரிப்பகத்தின் மேலாளர் அம்மாள் பேசினார்.

"எண்பத்தி ஒண்ணும்மா."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா? எண்பத்தி ஒண்ணு. அடுத்ததும் நல்லா வரும்போல. பத்தாம் நாள் லைட் அடிச்சுப் பார்த்தப்பவே எங்க பொண்ணுங்க சொன்னாங்க. முன்னெல்லாம் உங்க முட்டையில மேல் பக்கத்துக் காத்துக்குமிழ் அங்கயும் இங்கயும் நீந்தும். இப்ப ஒட்டின காசு மாதிரி இருந்த இடத்துல இருக்குன்னு. என்ன பண்ணீங்க? தீவனம் மாத்தினீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மழை வந்துச்சில்லைங்களா மேடம், கொட்டகை குளிர்ந்திருக்கும்" என்றாள்.

லாரிக்காரர் கையை நீட்டினார். அவள் தயங்கினாள். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. போனைக் கொடுத்தாள்.

"மேடம், மழையெல்லாம் இல்ல. டிரைவரை மாத்திட்டோம்."

"ஓ. முன்னாடி யாரு ஓட்டினது?"

"லாரிக்காரன் ஒருத்தன். ரோட்டுக்குச் சரி, முட்டைக்கு ஆகமாட்டான்."

"நல்லதாப் போச்சு. அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பலைங்க. பின்னாடி உட்கார வெச்சிருக்கோம்."

முட்டைக்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா என்று மழைச் சத்தத்தில் தெரியவில்லை.

ஆறு நடைகளின் சராசரி எண்பத்து மூன்றில் நின்றது. பொரிப்பகம் வேறு பண்ணையைத் தேடவில்லை.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே கால் பாதியாக இளைத்திருந்தது. பழக்கம் மட்டும் இளைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியிலேயே அது தரையை மிதித்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் சாவியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார்.

"செவ்வாயும் வெள்ளியும் நீதான். எனக்குப் புதன்கிழமை கொடு."

"புதன்கிழமை என்ன நடை?"

"வெறும் வண்டி. பாலம் வரைக்கும் போய்த் திரும்பலாம். நீ பின்னாடி உட்காரு."

புதன்கிழமை வானம் வெளுத்திருந்தது. அவள் முப்பது குழித் தட்டு ஒன்றில், நடுக்குழியில் ஒரே ஒரு முட்டையை வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவர் முதல் கியரில் எடுத்தார். கியர் மேல் போன கையை ஒவ்வொரு தரமும் திருப்பி ஸ்டீரிங்கில் கொண்டு வைத்தார். இடது கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தரையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் கிளட்ச்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு கட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரை விரிப்பின் சொரசொரப்பில் அழுத்திக்கொண்டார். பின்னாலிருந்து அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில்வே கேட்டில் வண்டி ஒரு முட்டு முட்டிக் கிளம்பியபோதும் சொல்லவில்லை.

மேட்டின் உச்சியில் கை நியூட்ரலுக்குப் போனது. குமிழைத் தொட்டும்விட்டது. அவர் மூன்றுக்குத் தள்ளினார், பிறகு இரண்டுக்கு. எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. கண்ணாடியைப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் துணியை இழுத்துவிட்டாள். டார்ச்சை முட்டையின் பருத்த முனையில் வைத்தாள். ஓடு முழுக்கச் செந்நிறமாக ஒளிர்ந்தது. முட்டையை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். அவர் கழுத்தை நீட்டினார்.

"குமிழ் நீந்துதா?"

"ஒரு பொடி அளவு."

"எங்க நடந்தது?"

"கேட்டுல. அங்க ஒரு இடி இடிச்சீங்க."

"பாலத்துல?"

அவள் டார்ச்சை அணைத்தாள். இருட்டில் முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். எப்போது வைத்தாள் என்று தெரியாமல் வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"பாலத்துல நான் குனியவே இல்ல" என்றாள்.